நாற்காலிக்கடியில் நெய்மீன்

வங்கியின் கம்ப்யூட்டர் அறையில் ஏசி குளிரில் ரீத்தம்மாளுக்கு வெறுங்கால் விறைக்கிறது. கணவன் மஸ்கட்டிலிருந்து அனுப்பிய பணம் இன்று கைக்கு வந்தால்தான் நாளை மகளுக்கு ஆபரேஷன். திரையின் பச்சை வெளிச்சம் முகத்தில் விழ, கிளார்க் சுகுமாரன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். "தள்ளி நில்லு. மீன் நாத்தம் மெஷினுக்கு ஆகாது." அதே வாயால் கேட்கிறார், "இன்னைக்கு எந்தா கொண்டு வந்தது?"

"நெய்மீனாக்கும் சார்."

கைக்குட்டை இறங்குகிறது. அவள் நீட்டும் மீன்பொதியை வாங்கி நாற்காலிக்கடியில் தள்ளுகிறார். திங்களன்று சாளை கொண்டுவந்தாள், நேற்று அயிலை. இரண்டு நாளும் அவர் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் "வந்நில்ல" என்றார். இப்போது நேந்திரங்காய் வறுவலின் எண்ணெய் மினுங்கும் விரல்கள் மளமளவென்று தட்டுகின்றன. பிரிண்டர் கிறீச்சிடுகிறது. பாஸ்புக்கை நீட்டுகிறார்.

"பைசா வந்நு. சந்தோஷமாயோ?"

விரல்தடம் பிசுபிசுக்கும் பக்கத்தை அவள் வாசிக்கிறாள். பணம் திங்கட்கிழமை காலையிலேயே வந்திருக்கிறது. குனிந்து, அவர் செருப்புகளுக்கு நடுவிலிருந்து பொதியை இழுத்தெடுக்கிறாள்.

"ஏய், அது எங்கோட்டு?"

"வேண்டாம் சார். உங்களுக்கு நாறும்."