வட்டியைத் தவிர

வியாழக்கிழமை மதியம் ஃபோன் அடித்தபோது, வாயிலிருந்த சாண்ட்விச்சை அவசரமாக விழுங்கினேன். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான்.

போன வியாழக்கிழமையும் இதே முடிவைத்தான் எடுத்திருந்தேன்.

"மெதுவா முழுங்குப்பா, செத்துகித்து வைக்காதே. உன் வெர்மாண்ட் அம்மணி எங்கேயும் ஓடிட மாட்டாங்க," என்றாள் பக்கத்து மேசை டார்லா.

ஃபோனை எடுத்தேன்.

"என்ன வர்ஜில், லைசென்ஸ் வந்துச்சா?"

கொரின் எப்போதும் இப்படித்தான் ஆரம்பிப்பாள்.

நான் வீட்டுக்கடன் ஏற்பாடு செய்து கொடுப்பவன். நான் இருக்கும் பென்சில்வேனியாவில் வீடு வாங்குகிறவர்களுக்குச் செய்யலாம், ஒஹாயோவிலும் செய்யலாம். கொரின் வீடு தேடியது வெர்மாண்டில். மாநிலத்துக்கு மாநிலம் தனி லைசென்ஸ். அது வரும்வரை அந்த மாநிலத்து வீட்டுக்கு என்ன வட்டி என்று நான் மூச்சு விடக்கூடாது. எங்கள் ஃபோன் பேச்செல்லாம் வேறு பதிவாகிறது.

ஆகவே வட்டியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினோம்.

பிப்ரவரியில் பனியைப் பற்றி. பிறகு அவளுடைய கிழட்டு நாயைப் பற்றி. அவள் கணவர் இறந்தபின் யாரும் தொடாத டிரம்பெட்டைப் பற்றி. என் விவாகரத்தைப் பற்றிச் சொன்னபோது சிரித்தாள். நானும் சிரிக்கும்படிதான் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளே நான் யோக்கியமாக நடந்துகொண்டேன். "பக்கத்து மேசையில டார்லான்னு ஒருத்தங்க இருக்காங்க, அவங்ககிட்ட உங்க மாநில லைசென்ஸ் இருக்கு," என்று அவளுடைய ஃபோன் எண்ணையும் கொடுத்தேன். எழுதிக்கொண்டாள். அடுத்த வியாழன் என்னையே கூப்பிட்டு, "உங்க லைசென்ஸே வரட்டும்," என்றாள்.

எனக்காகக் காத்திருப்பேன் என்று இதுவரை யாரும் அடம்பிடித்ததில்லை. என் முன்னாள் மனைவி கார் நிறுத்துமிடத்தில்கூடக் காத்திருக்க மாட்டாள்.

லைசென்ஸுக்காகப் படாதபாடு பட்டேன். கைரேகை எடுத்த பெண், "உங்க விரல்ல ஒண்ணுமே பதியலையே சார்," என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வெர்மாண்ட் சட்டம் பற்றிய இணைய வகுப்பில் தூங்கிப்போய், மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்தேன். இந்தக் கூத்தையெல்லாம் வாராவாரம் கொரினிடம் ஒப்பித்தேன்.

ஜூனில் லைசென்ஸ் வந்தது.

இப்போது செப்டம்பர். அவள் கேட்கும்போதெல்லாம் நாய் எப்படி இருக்கிறது என்று பேச்சை மாற்றிவிடுகிறேன்.

வந்துவிட்டது என்று சொன்னால் வட்டி பேச வேண்டும். வட்டி பேசினால் விண்ணப்பம், கையெழுத்து, வாழ்த்து, அதோடு சரி. கடன் முடிந்த பிறகு என்னைத் திரும்பக் கூப்பிட்டவர்கள் ராங் நம்பர்காரர்கள் மட்டும்தான்.

ஆனால் மனசாட்சி என்று ஒன்று, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. என் வியாழக்கிழமை ஃபோனுக்காக ஒரு பெண் சொந்த வீடில்லாமல் இருக்கிறாள். அதுவும் எப்படிப்பட்ட பெண்! வாடகை வீட்டுக்கு இப்படிப் பாடுபடும் ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை. மே மாதத்தில் கொல்லையில் பேரிக்காய்க் கன்று நட்டாள். ஜூலையில் வராந்தாவுக்குப் பெயின்ட் அடித்தாள். வீட்டுக்காரனைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்வதில்லை.

இன்றைக்கும் பின்னணியில் கரகரவென்று சத்தம்.

"சமையலறை ஜன்னல் மூட மாட்டேங்குது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறேன்," என்றாள். "குளிர் வந்துடும்ல."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"கொரின், லைசென்ஸ் வந்துடுச்சு."

கரகரச் சத்தம் நின்றது.

வாழ்த்துவாள் என்று நினைத்தேன். வட்டி என்ன என்று கேட்பாள். சொல்ல வேண்டியதையெல்லாம் திரையில் திறந்து வைத்திருந்தேன்.

"அடடா," என்றாள். யாரோ ஊரைவிட்டுப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதுபோல ஒரு "அடடா".

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வர்ஜில், திட்டாதீங்க. நான் ஏப்ரல்லயே வீடு வாங்கிட்டேன். இந்த ஜன்னல் என்னோடதுதான். உங்க டார்லாதான் கடனை முடிச்சுக் கொடுத்தாங்க. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்."

ஏப்ரலில் ஒருநாள் டார்லா ஒரு பெட்டி டோநட் வாங்கிவந்து என் மேசையில் மட்டும் வைத்தது நினைவுக்கு வந்தது. ஏதோ கருணை என்று நினைத்து அத்தனையையும் தின்றிருந்தேன்.

திரும்பிப் பார்த்தேன். டார்லா அணைந்து கிடந்த கணினித் திரையை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள். முதுகு மட்டும் குலுங்கியது.

"அப்புறம் ஏங்க வாராவாரம் லைசென்ஸ் வந்துச்சா, வந்துச்சான்னு கேட்டீங்க?"

"வேற என்னன்னு சொல்லிக் கூப்பிடறது?" என்றாள். உடனே குரல் மாறியது. "அது இருக்கட்டும். உங்களுக்கு லைசென்ஸ் எப்ப வந்துச்சு?"

பேச்சு பதிவாகிறது. பொய் சொல்ல முடியாது.

"ஜூன்ல."

எனக்கும் அவளுக்கும் நடுவில் நியூயார்க் மாநிலம் முழுவதும் படுத்துக் கிடந்தது. அதற்கும் என்னிடம் லைசென்ஸ் இல்லை.

"உங்க வீட்டுக்கு வரணும்னா," என்றேன், "அதுக்கு ஏதாவது வகுப்பு, கைரேகை, அந்த மாதிரி..."

"அதெல்லாம் வேணாம்," என்றாள் கொரின். "வரும்போது ரெண்டு உப்புத்தாள் வாங்கிட்டு வாங்க. இந்த ஜன்னல் ஒரு ஆளுக்கு அடங்காது."