இறங்க மனமில்லாதவர்

கார் விற்கும் கடையில், சிவப்பு வண்டியிலிருந்து அவர் இறங்குவதாகவே தெரியவில்லை. கடைக்காரர்கள் கொடுத்த காபி தன் கையில் ஆறிக்கொண்டிருக்க, மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

வாங்க வந்தது அந்தப் பக்கம் நிற்கும் சாம்பல் நிற வண்டியை. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அச்சு. சிவப்புக்கு எஞ்சின் பெரிது, விலை அதைவிடப் பெரிது.

சாம்பல் வண்டியில் ஏறிப் பார்த்து, "நமக்கு இது போதும்" என்று அவரே சொல்லியாகிவிட்டது. கையெழுத்துப் போடப் போகிற நேரத்தில்தான், "சும்மா ஒரு தடவை உக்காந்து பாக்குறேனே" என்று சிவப்பின் பக்கம் நடந்தார்.

"பாத்து உக்காருங்க சார், இது இன்னும் தாழ்வா இருக்கும்" என்றான் டை கட்டிய விற்பனையாளன்.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்கிட்ட சொல்றியா தம்பி?" என்று சிரித்தபடியே உள்ளே இறங்கியவர்தான். சிரிப்பு பாதியில் நின்றது. கண்களை மூடிக்கொண்டு நீளமாக ஒரு மூச்சு விட்டார். அப்படி ஒரு சுகமா என்று மனைவி நினைத்துக்கொண்டாள்.

"ரேஸ் ஓட்டுறவங்க சீட் சார். ரெண்டு பக்கமும் கட்டிப் பிடிச்சுக்கும். எந்த வளைவுலயும் ஆளை விடாது."

"ஆமா," என்றார் அவர், கொஞ்ச நேரம் கழித்து. "விட மாட்டேங்குது."

அதன் பிறகு கேள்விகள் தொடங்கின. டயர் எத்தனை நாள் உழைக்கும், மழையில் கண்ணாடி மங்குமா, பெட்டி வைக்க இடம் உண்டா. விற்பனையாளன் ஒவ்வொன்றுக்கும் பாடம் ஒப்பித்தான். அவளுக்குக் கால் கடுத்தது.

நிற்பதுதான் அவளுடைய வேலை. ஓட்டல் சலவைப் பிரிவில் நீராவிப் பெட்டியின் முன்னால் நின்று படுக்கை விரிப்புகளைத் தேய்ப்பவள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றினால், வார் பதிந்த பள்ளம் மறையவே வெகுநேரம் ஆகும். போன வாரம் சாப்பிடும்போது அவர்தான் சொன்னார்: "சின்ன வண்டியாவே எடுத்துக்குவோம். நீ இந்த மாசத்தோட வேலைய விட்டுடு."

சிவப்பு என்றால் அந்தப் பேச்சே இல்லை. இன்னும் நாலைந்து வருடம் நீராவிதான்.

"ஏங்க, நேரமாச்சு. இறங்குங்க."

அவர் திரும்பவில்லை. தலைக்கு மேலிருந்த கண்ணாடியை மெல்லச் சாய்த்து, அதில் அவளைப் பார்த்தார். பஸ்ஸில் பயணிகளைப் பார்த்த பழக்கம். "இரு. இன்னும் கொஞ்ச நேரம்."

"கடைசி ஸ்டாப் வந்தும் இறங்காம உக்காந்திருக்கிறவங்களை என்ன திட்டுத் திட்டுவீங்க. இப்ப நீங்களே இப்படிப் பண்ணா?"

"அவங்க கஷ்டம் இன்னைக்குத்தான் புரியுது."

விற்பனையாளன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடியில் தெரிந்த அவர் கண்கள் கலங்கியிருந்தன. அவருடைய அப்பா இறந்த அன்று ஒரு தடவை அப்படிப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

சுற்றிலும் கண்ணாடிச் சுவர். வெளியே மனிதர்கள் அவரவர் வேலையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கடையின் கதவு பத்தடி தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அவரை இந்த முகத்தோடு விட்டுவிட்டு எப்படி அந்தக் கதவைத் தாண்டுவது?

வாய்விட்டுக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். 'என் காலைப் பாருங்க' என்று காட்டியிருக்கலாம். இவர் எதையும் கேட்கவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருக்கிறார். இத்தனை வருடம் போட்ட ரூட்டில், மற்றவர்கள் அடித்த மணிக்கு நின்று, மற்றவர்கள் சொன்ன 'ரைட்'டுக்குக் கிளம்பிய மனிதர். தனக்கென்று ஒரு நல்ல சட்டைகூடத் துணிந்து எடுத்ததில்லை.

கேட்காதவருக்கு எப்படி இல்லை என்பது?

நீராவி இங்கேயே வந்து முகத்தில் அடிப்பதுபோல் இருந்தது. நின்று பழகிய கால்தானே, இன்னும் கொஞ்ச நாள் நிற்கட்டும் என்று சொல்லிக்கொண்டாள்.

"தம்பி, சாம்பல் வேண்டாம்," என்றாள். குரல் வேறு யாருடையதோ போல் ஒலித்தது. "இதையே எழுதிக்கங்க."

"ஏய், இரு..." என்றார் அவர்.

அதற்குள் விற்பனையாளன் ஓடிவிட்டான். சுவரில் தொங்கிய பித்தளை மணியை அடித்தான். வண்டி விற்றால் மணி அடிப்பது அந்தக் கடையின் வழக்கம். மாடியிலிருந்தும் கணக்கு அறையிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்து, வண்டியைச் சுற்றி நின்று கைதட்டினார்கள்.

"சார், இறங்கி வந்து மேடம்கூட நில்லுங்க. ஒரு போட்டோ."

அவர் அசையவில்லை. அவள் வண்டிக் கதவருகே குனிந்தாள்.

"எனக்காக யோசிக்காதீங்க. இதுதானே உங்களுக்கு வேணும்?"

அவர் வலிக்கிற முகத்தோடு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"நான் எங்க கேட்டேன்? உக்காந்தப்பவே இடுப்பு புடிச்சுக்கிச்சு, எந்திரிக்க முடியலம்மா."