ஐஸில் வைத்த கை

டாக்டர் தெர்மகோல் பெட்டியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். மூடினார்.

கட்டிலில் கிடந்த அவனுக்கு அந்த மூடின விதம் பிடிக்கவில்லை.

"இத யாரு இப்படி ஐஸ்ல வச்சது?"

அவன் மணிக்கட்டோடு முடிந்துபோன வலது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

வைத்தது பெல்லார்மின். அவன் போகும் மீன்பிடிப் படகின் டிரைவர். பதினோரு வருடமாக இருவருக்கும் ஒரே படகு, ஒரே சட்டிச் சோறு. இப்போது கதவுக்கு வெளியே நிற்கிறான்.

போன வாரம்தான் நடுக்கடலில் எல்லோரும் ஒரு செல்போனைச் சுற்றி உட்கார்ந்து சுறாப் படம் பார்த்தார்கள். தமிழில் பேசும் வெள்ளைக்காரர்கள். சுறா படகைக் கடித்தது, பாலத்தைக் கடித்தது, விட்டால் மாதா கோவிலையும் கடிக்கும் போலிருந்தது. சுறா பிடிப்பதே பிழைப்பான ஏழு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அந்தப் படத்தில் ஒருத்தனுக்குக் கை போகும். கூட்டாளி அதை எடுத்து ஐஸில் போடுவான். அடுத்த காட்சி ஆஸ்பத்திரி. வெள்ளை வெளேரென்று கட்டு. விரல் அசையும். காதலி அழுதுகொண்டே சிரிப்பாள். அதற்கடுத்த காட்சியில் அதே கையால் சுறாவைச் சுட்டுத் தள்ளுவான்.

எல்லாம் இரண்டே நிமிடம்.

இங்கே யாரும் யாரையும் துரத்தவில்லை. தூண்டிலில் ஏறிய சுறா படகுக்கு வந்து அரை மணி நேரமாகியிருந்தது. மண்டையில் அடித்தாயிற்று. செத்துவிட்டது என்றுதான் வாய்க்குள் கையை விட்டுத் தூண்டில் முள்ளைக் கழற்றப் போனான்.

வாய் ஒரு முறை மூடியது.

அது அவனைப் பார்க்கக்கூட இல்லை.

பிறகு கரை வந்து சேர ஒன்பது மணி நேரம். அதை எந்தச் சினிமாக்காரன் காட்டுவான்? கயிறு போட்டு இறுக்கிய இடத்துக்குக் கீழே தோல் கறுத்தது. போட்டிருந்த கைலியிலேயே மூத்திரம் போனது. டீசல் வாடையில் குடலைப் பிடுங்குவதுபோல் வாந்தி வந்தது. அம்மா என்றான், மாதாவே என்றான், கடைசியில் மாதாவையே கெட்ட வார்த்தையில் திட்டினான்.

பெல்லார்மின் கடலில் மைல் கணக்கில் நீண்டு கிடந்த தூண்டில் கயிற்றை அப்படியே அறுத்துவிட்டான். அத்தனை மைல் கயிறு, அதில் கிடந்த மீன், எதையும் அவன் யோசிக்கவில்லை. சுறாவின் வாயைப் பிளந்து கையை எடுத்தான். கடல் தண்ணீரில் இரத்தம் போகக் கழுவினான். ஐஸ் அறையில் இறங்கி, நல்ல பொடி ஐஸாகப் பார்த்துப் பரப்பி, பச்சைப்பிள்ளையைக் கிடத்துவதுபோல் அதைக் கிடத்தி, மேலேயும் ஐஸைப் போட்டு மூடினான்.

இருபது நாள் கழித்தும் கண் வெளுக்காத மீனைக் கரை சேர்க்கிறவன். ஐஸ் வைப்பதில் அவனை மிஞ்ச அந்தத் துறையில் ஆளில்லை.

மேலே ஏறி வந்தபோது அவன் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"கை பத்திரமா இருக்கு மக்கா. ஒட்டிருவாங்கடே. படத்துல பாத்தோம்லா."

நம்பாமல் என்ன செய்வது? தூண்டில் இழுக்கிற கை. அது போனால் அவனுக்குக் கடலும் போயிற்று.

டாக்டர் நல்ல மனுஷன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தணிந்த குரலில் பொறுமையாகச் சொன்னார். நேரம் ஒன்றும் கடந்துவிடவில்லையாம். முயன்று பார்த்திருக்கலாமாம். ஐஸ் நேராகப் படக்கூடாதாம். ஈரத்துணியில் சுற்றி, பைக்குள் போட்டுக் கட்டி, அந்தப் பைக்கு வெளியேதான் ஐஸ் இருக்க வேண்டுமாம். இது உறைந்துபோய் உள்ளே எல்லாம் செத்துவிட்டது.

மீனுக்கு எது நல்லதோ, அதைச் செய்திருந்தான் பெல்லார்மின்.

கட்டிலில் கிடந்தவனுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. பாவி, ஒரு துண்டைச் சுற்றியிருக்கக் கூடாதா?

பிறகு பாதிக் கதவுக்குக் கீழே பெல்லார்மினின் கால்கள் தெரிந்தன. செருப்பில்லை. படகிலிருந்து குதித்தபடியே ஓடி வந்திருக்கிறான்.

இதைக் கேட்டால் அவன் இருக்கமாட்டான்.

"அவங்கிட்ட இத சொல்லாதீங்க சார்" என்றான். டாக்டர் தலையசைத்துவிட்டுப் போனார்.

பெல்லார்மின் உள்ளே வந்தான். கட்டிலைப் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்தான்.

"என்னடே சொன்னாரு?"

பொய் தயாராக இருந்தது. யாரையும் நோகடிக்காத பொய் என்றுதான் நினைத்தான்.

"நேரமாயிப்போச்சாம் மக்கா. கொஞ்சம் முந்தி வந்திருந்தா ஒட்டிருக்கலாமாம். விடுடே, யாரு என்ன செய்ய முடியும்?"

பெல்லார்மின் தரையில் உட்கார்ந்தான்.

"அலை தூக்கிப் போடும்போதெல்லாம் நீ கத்துனல்லா. கேக்க முடியல மக்கா. உனக்கு நோவுமேன்னு நான்தான் வேகத்தக் கொறச்சேன். அதுலயே ரெண்டு மணிக்கூறு போச்சு."

கட்டிலின் இரும்புக் காலில் தலையை மோதினான். மறுபடியும் மோதினான்.

காரணம் அதல்ல என்று சொல்லக் கட்டிலில் கிடந்தவன் வாயைத் திறந்தான்.

பின்னே எது என்று கேட்பானே.

வாயை மூடிக்கொண்டான்.

பெல்லார்மின் இன்னொரு முறை மோதினான்.