முதல் வெள்ளரி

"ஏனுங்கம்மிணி, காயைக் கையிலயே வெச்சிருக்கீங்க? கடிச்சுப் பாருங்க. நம்மூட்டுக் காய்க்குக் கழுவறதெல்லாம் தேவையில்லீங்க."

முருகானந்தம் மாடித் தோட்டத்தின் நடுவே பெருமையோடு நின்றார். நாமக்கல்லில் லாரிப் பட்டறையை மகனிடம் விட்ட பிறகு அவருக்கு இதுதான் பொழுதுபோக்கு. சிறந்த மாடித் தோட்டப் பரிசுக்கு எழுதிப் போட்டுவிட்டு, பார்வையிட ஆள் வருவார்கள் என்று பத்து நாளாகக் காத்திருந்தார். அதனால், தோளில் பையோடு வந்த ரஞ்சனி "தோட்டத்தைப் பார்க்கலாங்களா?" என்றதும் யார், எவர் என்றுகூடக் கேட்காமல் மேலே அழைத்து வந்துவிட்டார்.

ரஞ்சனி வெள்ளரியைக் கடிக்கவில்லை. ஒரு கவரில் போட்டுப் பைக்குள் வைத்தாள்.

"என்ன உரம் போடறீங்க?"

"கோழி எருங்க. பண்ணையிலிருந்து பச்சையாவே ஒரு மூட்டை வந்துச்சு. போன வாரம் அப்படியே கொட்டிட்டேன். காய் எப்படித் தளதளன்னு இருக்குது பாருங்க!"

"மக்க வைக்கலீங்களா?"

"அதுக்கு யாருங்க மாசக்கணக்குல காத்திருக்கறது?"

தொட்டியில் காய்கள் எருவின் மேலேயே கிடந்தன. குனிந்து பார்த்த ரஞ்சனி, "பறிச்சதை யாருக்காச்சும் குடுத்தீங்களா?" என்றாள்.

"நாங்களே இன்னும் வாயில வெக்கலீங்க. மொதக் காயைப் பக்கத்தூட்டு மாதையனுக்குக் குடுத்தேன். சாக்கடைத் தகராறுல மூணு வருசமா மூஞ்சி குடுத்துப் பேசுனதில்லீங்க. ஞாயித்துக்கெழமை மதிலுக்கு மேல நீட்டுனேன். 'நல்லாருக்கியா முருகா?'ன்னு கேட்டு வாங்கிக்கிட்டாரு."

ரஞ்சனி குறிப்பேட்டை மூடினாள்.

"நான் பரிசுக்கு வரலீங்கய்யா. சுகாதார ஆய்வாளருங்க. மாதையன் நேத்திலிருந்து ஆஸ்பத்திரியில இருக்காரு. வாந்தி, வயித்துப்போக்கு. இப்பத் தேவலைங்க. பச்சை எருவுல கிருமி இருக்குமுங்க, காயைக் கழுவாமத் தின்னா வயித்துக்குள்ள போயிரும்."

முருகானந்தம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னைய ரொம்பத் திட்டுனாருங்களா?"

"சந்தையில வாங்குன வெள்ளரின்னே சாதிச்சாருங்க. பக்கத்தூட்டு மாடியில தோட்டம் இருக்குதே, அங்கிருந்து வந்ததான்னும் கேட்டேன். 'அவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கிடையாதே'ன்னு சத்தியம் பண்ணிட்டாருங்க."