மஞ்சள் பூட்டு

மின்விசைப் பெட்டியில் மஞ்சள் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் திறக்காமல் கான்கிரீட் கலக்கும் இயந்திரத்தை ஓட்ட முடியாது.

பெரியவர் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது அசைந்துகொடுக்கவில்லை.

வாசலில் இரண்டு லாரிகள் இன்ஜினை அணைக்காமல் நின்றன. நகரத்துக்குள் ஒரு கட்டடத்தின் கூரையில் பாதிக்குமேல் கான்கிரீட் கொட்டியாகிவிட்டது. மீதி உடனே போய்ச் சேர வேண்டும். கொட்டியது இறுகிய பிறகு புதியது போய் விழுந்தால் இரண்டும் ஒட்டாது. கூரை முழுவதையும் உடைத்தெடுக்கச் சொல்வார்கள். அத்தோடு பெரியவரும் அவர் தம்பியும் நடத்தும் இந்தக் கான்கிரீட் நிறுவனத்தின் பெயரும் போய்விடும்.

பூட்டு, பயிற்சிக்கு வந்திருக்கும் பெண்ணுடையது. சாவி அவள் சட்டைப்பையில். அவளைத்தான் காணோம்.

இயந்திரத்துக்குள் ஒரு பிளேடு தளர்ந்துபோய்விட்டது. அதை இறுக்க அவளும் தம்பியும் இறங்கியிருந்தார்கள். "முடிஞ்சதுண்ணே, நீங்க வந்ததும் ஓட்டலாம்" என்று தம்பி போனில் சொல்லியாயிற்று.

உள்ளே இறங்குகிறவர் எவராக இருந்தாலும் தன் பூட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். வெளியே வந்ததும் அவரவர் பூட்டை அவரவரே எடுக்க வேண்டும். அடுத்தவர் பூட்டில் கை வைக்கக் கூடாது.

தம்பியின் சிவப்புப் பூட்டு சுவரில் அதன் கொக்கியில் இருந்தது. ஆக, அவன் வெளியே வந்துவிட்டான். இவள்தான் மறந்து தொலைத்திருக்கிறாள்.

பெரியவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயிற்சி என்று ஆள் எடுப்பதே யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை என்று ஆரம்பத்திலேயே சொன்னவர் அவர். வாரத்தில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய்விடுவாள். அந்த நாளுக்கும் சம்பளம். தொழில் கைக்கு வந்ததும் வேறு இடம் பார்த்துப் பறந்துவிடுவாள். போதாக்குறைக்கு இந்தப் பூட்டுகள். எல்லாருக்கும் ஆளுக்கொரு பூட்டு இருந்தால்தான் உங்களிடம் ஆள் அனுப்புவோம் என்று பயிற்சி நிலையத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதுவரை இந்த இடத்தில் பூட்டு என்ற பேச்சே கிடையாது.

தம்பிதான் பிடிவாதமாக வாங்கிப் போட்டான். அவனே எல்லாரையும் விரட்டி விரட்டிப் பூட்ட வைத்தான்.

ஜன்னல் வழியே பார்த்தார். முற்றத்தின் அந்தக் கோடியில், சாமான் அறைப் பக்கம், அவள் நடந்துபோய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டார். ஜெனரேட்டர் இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

தம்பியின் போன் மேஜைமேல் கிடந்தது. டீ குடிக்கப் போயிருப்பான்.

வாசலில் லாரிக்காரர் ஹாரனை அழுத்தினார். பெரியவரின் போனும் அடித்தது. கட்டடத்துக்காரர்தான். அவர் எடுக்கவில்லை.

ஏணியில் ஏறி இயந்திரத்துக்குள் ஒரு எட்டுப் பார்க்கலாமா என்று நினைத்தார். எதற்கு? ஒருத்தி கண்ணெதிரே வெளியே போகிறாள். இன்னொருவன் பூட்டு கொக்கியில் இருக்கிறது. ஏறி இறங்குகிற நேரத்தில் ஒரு லாரியில் பாதியை நிரப்பிவிடலாம்.

மூலையில் இருந்த கம்பி வெட்டும் கத்திரியை எடுத்தார். நீளமான இரண்டு பிடி. பூட்டின் வளையத்தைக் கத்திரியின் வாய்க்குள் கொடுத்து அழுத்தினார். வழுக்கியது. வளையத்தில் ஒரு வெட்டு மட்டும் விழுந்தது. உள்ளங்கை வியர்வையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி கொடுத்தார்.

ஒரு கை குறுக்கே வந்து பூட்டைப் பொத்தியது.

அவள்தான். ஓடி வந்த மூச்சு அடங்கவில்லை. கத்திரியின் வாய்க்கும் பூட்டுக்கும் நடுவில் அவள் விரல்கள் இருந்தன. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் விரல்கள் போயிருக்கும். ஆனால் அவர் வாயில் வந்தது கோபம்தான்.

"கைய எடும்மா."

"உள்ள ஆள் இருக்கு சார்."

"நீதான் இங்க நிக்கிறியே."

அவள் கையை எடுக்கவில்லை. "சின்னவர் இருக்கார். வேலை முடிஞ்சு பூட்டை எடுத்துட்டார். அப்புறம் ஒரு போல்ட் சரியில்லன்னு மறுபடி இறங்கிட்டார். பூட்டுங்கன்னு சொன்னேன், ஒரு நிமிஷ வேலைன்னார். அதான் நான் என்னோடத எடுக்கல."

மற்றொரு கையை விரித்துக் காட்டினாள். ஒரு புது போல்ட். அதை எடுத்துவரத்தான் போயிருக்கிறாள்.

கத்திரி எப்போது கீழே விழுந்தது என்று பெரியவருக்குத் தெரியவில்லை. போல்ட்டை வாங்கிக்கொண்டு ஏணிக்குப் போனார். ஒவ்வொரு படியாக ஏறினார். தோளில் தூக்கி வளர்த்த தம்பி.

இயந்திரத்தின் வாயிலிருந்து மசகு படிந்த ஒரு கை மேலே நீண்டிருந்தது. போல்ட்டுக்காக விரித்து வைத்த கை.

அதில் போல்ட்டை வைத்தார். வைத்த கையோடு அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். விட முடியவில்லை.

உள்ளே இருட்டிலிருந்து தம்பியின் குரல் வந்தது.

"யாருப்பா அது, கைய விடு. லேட்டானா அண்ணன் வந்து கத்துவாரு."