இறக்கத்துக்கு இரண்டு சங்கிலி

"ஒண்ணு அறுந்துபோச்சுன்னா, மிச்சம் இருக்கிற ஒண்ணு மட்டும் முழுப் பாரத்தையும் தாங்குமா, பாய்?"

ராஸ் அல் கைமா கடைத்தெருவில் வாகனச் சாமான்கள் விற்கும் சாகிர் நிமிர்ந்து பார்த்தார். மூன்று வகைச் சங்கிலிகளை எடுத்துப் போட்டாயிற்று. எதிரே நின்ற பாண்டித்துரைக்கு ஒன்றிலும் மனம் நிறையவில்லை.

"என்னண்ணே, புர்ஜ் கலீஃபாவையா கட்டி இழுக்கப் போறிய?"

"தண்ணி டேங்குதான் பாய். பிக்கப்புக்குப் பின்னாடி மாட்டி இழுக்கிறது. போன வாரம் குவாரி எறக்கத்துல கொக்கி கழண்டு, டேங்கு வண்டியத் தாண்டித் தனியா கீழ ஓடிருச்சு. முன்னாடி ஆளுங்க போய்க்கிட்டிருந்தாங்க. என்னமோ, அது மணல்ல ஏறி நின்னுச்சு."

"கம்பெனியில சொல்றதுதானே?"

"சொன்னா, பாக்கலாம்கிறாங்க. அடுத்த தடவையும் மணல் வந்து காப்பாத்துமா?"

சங்கிலி கேட்டு வரும் ஓட்டுநர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தவர் சாகிர். போலீஸ் கண்ணுக்குத் தெரிந்தால் போதும், மலிவாகக் கொடுங்கள் என்பார்கள். சாலையில் போகிறவர்களை நினைத்து ஒருவர் இப்படிக் கவலைப்பட்டு அவர் கண்டதில்லை.

பளபளத்த சங்கிலிகளை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். தாங்கும் எடை பொறிக்கப்பட்ட தடித்த சங்கிலியைத் தூக்கி வந்தார்.

"டேங்கு காலியா எறங்குமா, தண்ணியோடயா?"

"சில நாள் பாதித் தண்ணி இருக்கும்."

"அப்ப ரொம்பின எடைக்கே எடுத்துக்குவோம். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கும். ஆனா நேரா மாட்டிராதிய. பெருக்கல் குறி போடுற மாதிரி, அடியில குறுக்க மாட்டணும். கொக்கி கழண்டாலும், இழுக்கிற கம்பி ரோட்டுல குத்தாம சங்கிலி மேலயே விழும்."

பாண்டித்துரை இரண்டு சங்கிலிகளையும் குறுக்கே பிடித்து, நடுவில் தன் முழங்கையை மெல்ல இறக்கிப் பார்த்தார்.

"பிள்ளையத் தூளியில போடுற மாதிரியில்ல இருக்கு."

இத்தனை காலம் இரும்பு என்று நினைத்து விற்ற பொருளுக்குள் ஒரு தூளி இருந்ததைச் சாகிர் இன்றுதான் கண்டார். வளைவில் திரும்ப இடம் விட்டு, தரையில் உரசாத அளவுக்குத் தம் கையாலேயே வெட்டிக் கொடுத்தார்.

"வண்டிய வாசலுக்குக் கொண்டாங்கண்ணே, நானே மாட்டிக் காட்டுறேன். உங்கள மாதிரி ஒரு டிரைவர நான் பாத்ததில்ல."

பாண்டித்துரை கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார்.

"நான் டிரைவர் இல்ல பாய். எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாது. குவாரியில கல்லு அள்ளுற ஆளு. அந்த டேங்குக்கு முன்னாடி சைக்கிள்ல எறங்குறவங்கள்ல நானும் ஒருத்தன். வாங்கிக் குடுத்தா மாட்டிக்கிறேன்னு டிரைவர் சொல்லிட்டாரு."

"அதானே பாத்தேன்" என்று சாகிர் வாய்விட்டுச் சிரித்தார். "உசுரு வெல்லக்கட்டியாச்சே. இனிமே பயமில்லாம டூட்டிக்குப் போயிட்டு வாங்க."

"எனக்கு எங்க பாய் இனிமே டூட்டி?" சங்கிலியைத் தோளில் ஏற்றிக்கொண்டார் பாண்டித்துரை. "விசா கேன்சல் ஆயிருச்சு. இன்னைக்கு ராத்திரி ஊருக்கு ஃபிளைட்டு. பெட்டி கட்டச் சாமான் வாங்கத்தான் கடைத்தெருவுக்கு வந்தேன். எனக்குப் பதிலா நாளைக்கு அந்த எறக்கத்துல சைக்கிள்ல வரப்போறவன் பேருகூட எனக்குத் தெரியாது."