ஆளில்லாத வீடு

“இந்த வீட்டில ஆரம்மா இருக்கினம்?”

தெமோதரை மேட்டிலிருந்த அந்தப் புது வீட்டின் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த ராமாயி நிமிர்ந்தாள். வரி ஆபிசர் செல்வரத்தினம் மோட்டார் சைக்கிளோடு நின்றார்.

“யாரும் இல்லீங்கய்யா. வீட்டுக்காரத் தம்பி கனடாவுல. நான் கூட்டிப் பெருக்க வர்றவ.”

“ஆளில்லாத வீடு, வரியைக் குறையுங்கோ எண்டு எழுதியிருக்கிறார். அதுதான் பாக்க வந்தனான். கொடியில சேலை காயுது?”

“என்னோடதுங்க. மழையில நனைஞ்சிருச்சு.”

அவர் தலையாட்டினார். “சரி, குறைச்சு விடலாம். திரும்ப மழை இருட்டுது. பூட்டிப்போட்டு ஏறுங்கோ, உங்கட வீட்டில இறக்கி விடுறன்.”

“வேணாங்கய்யா.”

“இந்த வயசில உங்களைத் தனிய விட்டுட்டுப் போக மனம் வரேல்லை அம்மா.”

மறுக்க வழியில்லை. அடிவாரத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தைக் காட்டி இறங்கிக்கொண்டாள். வண்டி வளைவில் மறையும்வரை நின்றவள், தூறலில் நனைந்தபடி வந்த மேட்டிலேயே திரும்ப ஏறினாள். பாதி வழியில் கனடாவிலிருந்து போன் அடித்தது.

“அம்மா, ஆபிசர் வந்தாரா? நான் சொல்லிக் குடுத்த மாதிரியே சொன்னீங்களா?”

“சொன்னேன்ப்பா.”

“நம்பிட்டாரா?”

“நம்பிட்டாரு. இந்த வயசுல என்னையத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரலைன்னாருப்பா.”